உப்பு மண்ணில் ஊறிய டீசல்: பாக்டீரியாத் தூள் ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: மலேசியாவின் கேரித் தீவில் கடலோரச் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. டிராக்டர் பட்டறைக்குப் பின்னால் டீசல் ஊறிய மண்ணில், கடையில் வாங்கிய பாக்டீரியாத் தூளைத் தூவினோம். இரண்டு மாதமாகியும் நாற்றம் போகவில்லை. மண்ணில் உப்பேறியதுதான் காரணமா?

பதில்: உப்பு பாதிக் காரணம். நன்னீரில் வளர்த்த பாக்டீரியாவை உப்பு மண்ணில் போட்டால், செல்லிலுள்ள நீர் வெளியே இழுக்கப்பட்டு அது செயலிழந்துவிடும். மாரினோபாக்டர், அல்கானிவோராக்ஸ் போன்ற கடல்சார் இனங்கள் எக்டோயின் முதலிய சேர்மங்களைச் செல்லுக்குள் சேர்த்துவைத்து அந்த இழுப்பைச் சமாளிக்கின்றன. எண்ணெயை உண்ணும் இத்தகைய உயிரிகள் பழைய கறை படிந்த கடலோர மண்ணில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இன்னொரு பொட்டலத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

மீதிப் பாதி, காற்றும் உரமும் போதாமல் போவது. பாக்டீரியா டீசலின் ஆல்கேன் சங்கிலியில் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கோர்த்த சங்கிலி) முதலில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அது ஆல்கஹாலாகி, கொழுப்பு அமிலமாகி, இரண்டிரண்டு கார்பனாக அறுபட்டுக் கடைசியில் கரியமில வாயுவும் நீருமாகிறது. ஒரு கிலோ டீசல் முழுவதும் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய களிமண்ணில் அவ்வளவு கிடைக்காது.

மண்ணைத் தொடுவதற்கு முன் சுற்றுச்சூழல் துறையிடம் பேசுங்கள். மலேசியாவின் 2005 அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்து எடுத்த மண் அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு), குறியீடு எஸ்.டபிள்யூ. 408.

அனுமதி கிடைத்தால், தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் அரை மீட்டர் உயரத்துக்கு மிகாமல் மண்ணைக் குவித்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மழைக்குக் கித்தான் போர்த்தாவிட்டால் உரமும் எண்ணெயும் வடிகாலுக்குப் போய்விடும்.

பாக்டீரியாவுக்கு டீசலின் கார்பனோடு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும்; கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் சுமார் 100:10:1. கிலோ மண்ணுக்கு 5 கிராம் டீசல் என்று வைத்தால், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ யூரியாவும் 280 கிராம் டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உரமும் போதும். மூன்று நான்கு தவணையாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் உப்புச் செறிவு இன்னும் ஏறும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தைக் கலக்கவே வேண்டாம், அதுவும் உப்புதான். மண் இளக, பழம் உதிர்த்த குலைகளைப் போடலாம். ஆனால் மக்கியதாக இருக்கட்டும். பச்சையாகப் போட்டால் பாக்டீரியாவுக்கு வைத்த நைட்ரஜனை அதுவே இழுத்துக்கொள்ளும்.

உங்கள் பக்கத்தில் பலரும் கவனிக்கத் தவறுவது அமிலத்தை. கடலோரக் களிமண்ணின் அடியில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் இருக்கும். ஆழமாகத் தோண்டிக் காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாகும். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடும்) 4க்கும் கீழே இறங்கினால் சிதைவு பெரும்பாலும் நின்றுபோகும். கறை படிந்த மேல்மண்ணை மட்டும் எடுங்கள். வாரந்தோறும் பிஎச் பார்த்து, 6க்குக் கீழே போனால் வேளாண் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

நாற்றம் குறைந்தால் வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள். லேசான பகுதி ஆவியாகியிருக்கலாம். தொடக்கத்திலும், பிறகு மாதம் ஒருமுறையும், ஆய்வகத்தில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவைச் சோதியுங்கள். பழைய எஞ்சின் எண்ணெய் கலந்த மண்ணை இந்தக் குவியலில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள ஈயம், துத்தநாகத்தை எந்தப் பாக்டீரியாவாலும் சிதைக்க முடியாது. அதைத் தனியே மூடிவைத்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.