கட்டுடம்பும் கனத்த குத்தும்: கேள்வி பதில்

குத்துச்சண்டைப் பயிற்சியில் வீரர்களின் குத்தை வாங்கும் உள்ளங்கைத் திண்டான மிட்டைப் பல வருடம் பிடித்துக் காய்த்துப்போன கைகள் இவை. குத்தின் பலம், அடி தாங்கும் திறன் பற்றிக் கேளுங்கள். பவுடர், மாத்திரை என் துறை இல்லை.

கேள்வி: சார், எங்கள் ஜிம்மில் ஒருவர் சிலை மாதிரி இருப்பார். அவர் குத்தினால் தொங்கும் குத்துப் பையில், அந்த பேக்கில், சத்தம்தான் வருகிறது. ஓர் ஒல்லிப் பையன் குத்தினால் பேக்கே மடிகிறது. எப்படி?

பதில்: குத்து கையில் பிறப்பதில்லை. பின்னங்கால் தரையைத் தள்ளும், இடுப்பு திரும்பும், தோள் அதைத் தொடரும், முஷ்டி கடைசியில்தான் வந்து சேரும். அந்தச் சிலையின் பின்னங்கால் குதிகாலைக் கவனியுங்கள். குத்தும்போதும் அது தரையில் ஒட்டியே இருந்தால் அவர் கையை மட்டும்தான் வீசுகிறார். இன்னொன்று, பைசெப்ஸ் முழங்கையை மடக்கும் தசை. நேர்குத்துக்கு முழங்கை நீள வேண்டும். முறுக்கிக்கொண்டே குத்துகிறவர் பிரேக்கை மிதித்தபடி வண்டி ஓட்டுகிறார்.

மிட் பிடிக்கிறவனுக்கு இது உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். ஒரு வகைக் குத்து தோலில் சுள்ளென்று எரிந்து அடங்கிவிடும். இன்னொரு வகை பெரிய சத்தம் போடாமல் தோள்பட்டை வரை இறங்கும். மறுநாள் தலை சீவக் கையைத் தூக்கும்போதுதான் ஞாபகம் வரும். ஒல்லி ஆளின் குத்துக்குக் குத்துச்சண்டை வீரர் தாமஸ் ஹெர்ன்ஸைப் பாருங்கள். 6 அடி 1 அங்குல உயரம், கால்கள் குச்சி. 1984இல் பேர்பெற்ற வீரர் ராபர்ட்டோ டுரானை இரண்டாவது ரவுண்டிலேயே முகம் குப்புற விழவைத்தார்.

கேள்வி: தாடையில் அடி வாங்கினாலும் விழாமல் இருக்க, தாடையை வலுவாக்க என்ன பயிற்சி?

பதில்: கழுத்துப் பயிற்சி கொஞ்சம் உதவலாம். மற்றபடி பெரிதாக ஒன்றும் இல்லை. தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளை குலுங்குகிறது, ஆள் விழுகிறார். மார்பிலும் புஜத்திலும் எவ்வளவு சதை இருந்தாலும் அந்தக் குலுக்கலுக்கு அது கவசமில்லை. வருவது தெரிந்தால் கழுத்து இறுகிக்கொள்ளும். அதனால்தான் பார்க்காத குத்து ஆளைச் சாய்க்கிறது. தலையில் வாங்கி வாங்கித் தாடை இறுகும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இறுகாது, தேயும்.

ஹெவிவெயிட் வீரர் கென் நார்ட்டனின் உடம்பைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள். 1973இல் முகமது அலியின் தாடையை உடைத்தவர், 1978இல் லாரி ஹோம்ஸுடன் 15 ரவுண்டு நின்றவர். அதே ஆளை 1974இல் ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டே ரவுண்டிலும், 1979இல் எர்னி ஷேவர்ஸ் முதல் ரவுண்டிலேயும் முடித்துவிட்டார்கள்.

கேள்வி: புரோட்டீன் எந்த பிராண்டு நல்லது?

பதில்: உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணே, தொந்தி வைத்த ஹெவிவெயிட் வீரர் ஆண்டி ருயிஸை எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆந்தனி ஜோஷுவாவை ஜெயித்த அன்றைக்கு அவருக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

பதில்: 2019 ஜூன் 1. 268 பவுண்டு எடை, குலுங்கும் வயிறு. எதிரே ஆந்தனி ஜோஷுவா, செதுக்கிய உடம்பு. மூன்றாவது ரவுண்டில் முதலில் விழுந்தது ருயிஸ்தான். எழுந்தார், அதே ரவுண்டில் ஜோஷுவாவை இரண்டு தடவை தரையில் உட்காரவைத்தார், ஏழாவதில் இன்னும் இரண்டு தடவை. அதிர்ஷ்டம் நாலு தடவை வராது, தம்பி. அந்தக் கை வேகத்தை வயிறு மறைத்துவிட்டது.

கேள்வி (அவரே): டிசம்பரில் நடந்த மறுபோட்டியை வசதியாக மறந்துவிட்டீர்களே?

பதில்: மறக்கவில்லை. ருயிஸ் 283 பவுண்டுக்கு ஏறி வந்தார். ஜோஷுவா பத்து பவுண்டுக்கு மேல் குறைத்து வந்து, 12 ரவுண்டும் எட்ட நின்றே புள்ளியில் ஜெயித்தார். கனத்த ஆளால் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

கேள்வி (மறுபடியும் அவரே): அப்படியானால் உடம்பு முக்கியம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

பதில்: காலுக்கும் மூச்சுக்கும் ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் ஓடுவார், எவ்வளவு ஒழுங்காகத் தயாரானார் என்பதை உடம்பு ஓரளவு காட்டும். குத்தின் கனத்தையும் தாடையையும் காட்டாது. 2018 டிசம்பரில் இரண்டு ஹெவிவெயிட் வீரர்கள் மோதினார்கள். டியான்டே வைல்டர் 212 பவுண்டு சொச்சம், டைசன் ஃப்யூரி 256 சொச்சம். கடைசி ரவுண்டில் அந்த ஒல்லிக்கால் வைல்டர் அடித்த அடியில் ஃப்யூரி மல்லாந்தார். சதை தொங்கும் அந்த ஃப்யூரி, நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுந்து நின்றார். இதற்கும் பதில் வைத்திருப்பீர்கள், அப்புறம் பேசுவோம்.

கேள்வி: சிக்ஸ் பேக் இருந்தால் வயிற்றில் வாங்கும் அடி தாங்குமா?

பதில்: முன்பக்க அடியைக் கொஞ்சம் தாங்கும். கல்லீரல் வலது விலாவுக்கு அடியில், பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே சிக்ஸ் பேக் இல்லை.

கேள்வி: பஞ்ச் பவர் கூட பைசெப்ஸுக்கு என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒல்லியாக இருக்கிறேன். பவர் வருமா?

பதில்: முதல் பதில். தயவுசெய்து.

கேள்வி: சார், எனக்கு நல்ல கட்டான உடம்பு, அடி தாங்குவேன் என்று பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கில் எல்லோரும் என் தலையிலேயே குத்துகிறார்கள். மூன்று நாளாகத் தலைவலி. கோச்சிடம் சொல்லவில்லை.

பதில்: இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கோச்சிடமும் சொல்லுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கையுறையைத் தொடாதீர்கள். வாந்தி, மயக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, தலைவலி கூடுவது, இதில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். மீதிக் கேள்விகள் இருக்கட்டும். பார்த்துவிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.