மகள் ஒப்படையைப் போனிடம் கேட்டு எழுதுகிறாள், என்ன செய்வது?

வட்டவளையிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பேராதனையில் முகாமைத்துவம் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது, சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுக் கேட்டு ஒப்படை (அசைன்மென்ட்) எழுதியதைப் பார்த்திருக்கிறீர்கள். இது களவு இல்லையா, கம்பஸிலிருந்து நிறுத்திவிடுவார்களா என்று பயப்படுகிறீர்கள்.

2022 நவம்பர் கடைசியில் வந்த அந்தச் சாமானை இன்றைக்குத் தொடாத கம்பஸ் பிள்ளையைத் தேடத்தான் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதில் தனிக் காரணமும் உண்டு. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் போனால் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. கை உயர்த்திக் கேட்கக் கூச்சம், தோட்டத்து லய வீட்டில் கேட்க ஆளில்லை. போனிடம் பத்துத் தடவை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்றால் விட்டுவிடுங்கள்.

எழுதித் தரச் சொல்லி அப்படியே கொடுத்தால்தான் வம்பு. தேயிலைத் தொழிலாளர் சம்பளம் பற்றிக் கேட்டால், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு ஒரு புத்தகத்தைக் காட்டும். நூலகத்தில் தேடினால் சில வேளை அப்படி ஒரு புத்தகமே இருக்காது. 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள் இப்படி இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி, 5,000 டொலர் தண்டம் வாங்கினார்கள். படித்த பெரியவர்கள் பாடே அப்படி!

களவு என்று கேட்டீர்களே, அது விரிவுரையாளருக்கு விரிவுரையாளர் மாறும். ஒருவர் சொல்லிவிட்டுப் பயன்படுத்து என்பார், இன்னொருவர் தொடவே கூடாது என்பார். ஒப்படை தரும்போதே மகள் கேட்டுவிடட்டும். வெட்டித் திருத்திய கையெழுத்துப் பிரதிகளையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் மெஷின் எழுதியவை என்று அவை தவறாகச் சொன்னதை, ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிய வேண்டாம் அம்மா. வேலை விட்டு வந்து போன் பேசும்போது, "இந்த ஒப்படையில் என்ன எழுதினாய், எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, "ஏன் அப்படி?" என்று இன்னும் இரண்டு கேள்வி. தடுமாறித் தடுமாறியாவது சொன்னால் அவள் எழுதியது. "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்று நழுவினால், இன்னும் ஒரு தடவை படித்துவிட்டு நாளைக்குச் சொல் என்று விடாமல் கேளுங்கள். வேலைக்கான நேர்முகப் பரீட்சையிலும் இதே கேள்விதான் வரும். அங்கே போனை எடுக்க முடியாது.

அப்புறம் சாட்ஜிபிடிக்கு மாதக் கட்டணம் கட்டும் விஷயம். 20 டொலர் என்றால் உங்களுக்குப் பல நாள் பேர், அதாவது பல நாள் சம்பளம். இலவசமாகக் கிடைப்பதே அவளுக்குப் போதும், அதைக் கட்ட வேண்டாம்.