நூமா மன்னரும் நீங்களும் ஒரே வகையா?

கேள்வி: அலுவலகப் பயிற்சியில் ஆளுமைத் தேர்வு எழுதினேன். ‘ஐ.என்.எஃப்.ஜே.’ என்று வந்தது, அதாவது உள்ளுணர்வும் பிறர்மேல் அக்கறையும் மிகுந்த, தனிமை விரும்பும் வகை. பண்டைய ரோமின் இரண்டாவது மன்னர் நூமா பொம்பிலியஸும் இதே வகை என்று ஒரு பட்டியலில் படித்தேன். சரிதானா? அடுத்த மாதம் முதல் என்னைக் குழுத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் பேசவே தயங்குகிறவள் நான். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: ரோமை ஆண்ட ஏழு மன்னர்களில் எனக்கு மிகவும் பிடித்தவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

இந்தத் தேர்வில் அவரவர்தான் தம்மைப் பற்றிப் பதில் எழுத வேண்டும். நூமாவின் ஆட்சிக் காலமாக மரபு சொல்வது கி.மு. 715 முதல் 673 வரை. அவர் கதையை விரிவாக எழுதிய லிவியும் புளூட்டார்க்கும் ஏறக்குறைய ஏழெட்டு நூற்றாண்டு பிந்தியவர்கள். அதனால் கதையில் வரும் நூமாவுக்கு மட்டுமே நாம் வகை சொல்ல முடியும்.

அவரை ஏன் உங்கள் வகையில் சேர்த்தார்கள் என்பது புரிகிறது. ரோமரின் அண்டை மக்களான சபைன் இனத்தவர், குரேஸ் என்ற ஊரைச் சேர்ந்தவர். மனைவி தாத்தியா இறந்தபின் தோப்பும் வயலுமாகத் தனியே திரிந்தவர். எகேரியா என்ற வனதேவதை அவருக்கு ஆலோசனை சொன்னதாகக் கதை.

ஆனால் ஆட்சிக்கு வந்தபின் செய்ததைப் பாருங்கள். பத்து மாத ஆண்டைப் பன்னிரண்டு மாதமாக்கினார். பூசாரிகளுக்குப் பதவியும் கடமையும் வகுத்தார். ரோமர், சபைனர் என்று பிளவுபட்டுக் கிடந்த மக்களைத் தச்சர், குயவர், பொற்கொல்லர், சாயம் போடுவோர் எனத் தொழில்வாரியாகச் சங்கம் சேர்த்தார். பழைய பகை அதில் கரைந்துபோனது என்கிறார் புளூட்டார்க். எகேரியா கதையைக்கூட, சண்டைக்குப் பழகிய ஜனங்கள் தெய்வத்துக்குப் பயந்தாவது அடங்கட்டும் என்று நூமாவே கட்டிவிட்டார் என்பது லிவியின் கருத்து. இதெல்லாம் தேர்ந்த நிர்வாகி செய்கிற வேலை. என்னைக் கேட்டால் ‘ஐ.எஸ்.டி.ஜே.’ என்பேன், அதாவது அமைதியான, ஆனால் நடைமுறையும் ஒழுங்கும் பார்க்கிற வகை.

அவருடைய பேச்சுத் திறமைக்கும் ஒரு கதை உண்டு. இடி விழுந்த தோஷத்துக்கு என்ன பரிகாரம் என்று ரோமரின் தலைமைக் கடவுள் ஜூபிடரிடம் கேட்கிறார். “தலையை வெட்டு” என்கிறார் கடவுள். “சரி, வெங்காயத் தலை” என்கிறார் நூமா. “மனிதனுடையது வேண்டும்.” “தலைமுடி தருகிறேன்.” “உயிர் வேண்டும்.” “மீனின் உயிர்.” ஜூபிடரே சிரித்துவிட்டதாக ரோமக் கவிஞர் ஓவிட் எழுதியிருக்கிறார். குரலை உயர்த்தாமலே நரபலியைத் தடுத்துவிட்டார்!

அரசப் பதவி தேடி வந்தபோது அவருக்கு 40 வயது. போர் செய்தே பழகிய ஊருக்குப் படைத்தலைவன்தான் தேவை, அமைதியை விரும்பும் நான் எதற்கு என்று மறுத்தார். அப்பாவும் மார்சியஸ் என்ற உறவினரும் பேசித்தான் சம்மதிக்க வைத்தார்கள். ஏற்றுக்கொண்ட பிறகு, தமக்கு முன் ஆண்ட ரோமுலஸைப் போல நடக்க அவர் முயலவே இல்லை. ரோமுலஸ் வைத்திருந்த 300 மெய்க்காவலர்களை முதல் வேலையாகக் கலைத்தார். தம்மை நம்புகிறவர்களைச் சந்தேகிக்கவும் மாட்டேன், நம்பாதவர்களை ஆளவும் மாட்டேன் என்றாராம். போர்க்காலத்தில் திறந்திருக்க வேண்டிய ஜானஸ் என்ற தெய்வத்தின் கோயில் கதவு, அவர் ஆண்ட 43 ஆண்டும் மூடியே இருந்தது என்கிறது மரபு.

அதனால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பொறுப்பேற்கும் முன் மேலாளரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பெரிய கூட்டங்களை இன்னொருவர் நடத்தட்டும், குழுவில் ஒவ்வொருவரிடமும் நான் தனித்தனியாகப் பேசி வேலையைப் பிரித்துக் கொடுக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கு எந்த வேலை, என்றைக்குள் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பாதிக் கூட்டம் தேவைப்படாது. ஆறு மாதம் கழித்து இது ஒத்துவருகிறதா என்று இருவரும் உட்கார்ந்து பேசுவதாக இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பேச்சில் தேர்வு முடிவைக் காரணமாகக் காட்ட வேண்டாம். அதே தேர்வை மறுபடி எழுதும் பலருக்கு வேறு வகை வருகிறது.