போர்டை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு ஆறு ஜோன் (தனித்தனியாகத் தண்ணீர் விடும் பகுதி) உள்ள ஸ்ப்ரிங்க்ளர் வைத்திருக்கிறோம். செல்போன் ஆப்பில் இயக்கும் கன்ட்ரோலர். மூன்று வருடம் நன்றாக ஓடியது. போன மாதம் காம்பவுண்டு ஓரமாக விளக்கு போடத் தோண்டினார்கள். அதிலிருந்து நான்காவது ஜோனில் மட்டும் தண்ணீர் வருவதில்லை. ஆப்பில் 'ஜோன் 4 ஒயரிங் கோளாறு' என்று காட்டுகிறது. வந்து பார்த்தவர், கன்ட்ரோலருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். போர்டு போயிருந்தால் பெரும்பாலும் எல்லா ஜோனும் சேர்ந்து படுத்துவிடும், அல்லது ஆப்பே இணையாது. தோண்டிய மறுநாளிலிருந்து ஒரே ஒரு ஜோன் நின்றிருக்கிறது என்றால், சந்தேகம் முதலில் கடப்பாரை மேல்தான் விழ வேண்டும்.

ஒவ்வொரு ஜோனுக்கும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு இருக்கும், கன்ட்ரோலரிலிருந்து அதற்கு ஒரு ஒயர் போகும். அந்த ஆப் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்: நான்காவது ஒயரில் போக வேண்டிய அளவு கரண்ட் போகவில்லை, அல்லது அளவுக்கு மீறிப் போகிறது. கோளாறு எந்த இடத்தில் என்று அதற்குத் தெரியாது. போர்டு என்று அது சொல்லவில்லை, வந்தவர் சொல்கிறார். பெட்டியை விற்றால் அவருக்குக் கிடைப்பது, மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்டைத் தேடிப் பிடித்துப் போட்டால் கிடைக்காது. கோவையில் ஒரு வீட்டில் இப்படியே இரண்டு கன்ட்ரோலர் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வால்வு பாக்ஸைத் திறந்தால், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று பச்சை பூத்து, தொட்டதும் கையோடு வந்தது.

உங்கள் சோதனையை நீங்களே செய்யலாம். கன்ட்ரோலரின் அடாப்டரை முதலில் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். கன்ட்ரோலரில் ஒவ்வொரு ஜோனின் ஒயரையும் மாட்டும் இடம்தான் டெர்மினல். டெர்மினல் 1-இல் இருக்கும் ஒயரையும் 4-இல் இருக்கும் ஒயரையும் கழற்றி இடம் மாற்றி மாட்டுங்கள். மறுபடி பிளக்கைப் போட்டு, ஆப்பில் ஜோன் 1-ஐ ஓட விடுங்கள். இப்போது நல்ல டெர்மினலிலிருந்து மின்சாரம் நான்காவது வால்வுக்குப் போகிறது. அப்படியும் அங்கே தண்ணீர் வரவில்லையா? சரி, அடுத்து ஜோன் 4-ஐ ஓட விடுங்கள். முதல் ஜோன் இருக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சினால் போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், வந்தவரை அனுப்பிவிடலாம். ஒருவேளை நேர்மாறாக நடந்து, டெர்மினல் 4 தான் கெட்டிருக்கிறது என்று தெரிந்தாலும் உடனே புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஆறு ஜோனுக்கு எட்டு டெர்மினல் உள்ள கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 7 காலியாக இருந்தால் ஒயரை அங்கே மாட்டி, ஆப்பில் ஜோனை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். சாதாரண மீட்டர் போதும். மறுபடி பிளக்கை உருவிவிட்டு, ஒயர்களைப் பழையபடி மாட்டுங்கள். நான்காவது ஒயரை மட்டும் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை அந்த ஒயரிலும் இன்னொன்றை எல்லா வால்வுக்கும் பொதுவான காமன் ஒயரிலும் வையுங்கள். வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் 24 வோல்ட் ஏசி வால்வுகளின் காயில் (வால்வைத் திறக்கும் மின்சுருள்) பெரும்பாலும் 20 முதல் 60 ஓம் வரை காட்டும். அப்படிக் காட்டினால் ஒயரும் காயிலும் நன்றாக இருக்கின்றன. மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது காயில் உள்ளுக்குள் எரிந்திருக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய புல்தரைக்கு ஒரே டெர்மினலில் இரண்டு வால்வு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அப்போது மீட்டர் பாதிதான் காட்டும். ஒரு காயில் 30 ஓம் என்றால், இரண்டும் சேர்ந்து 15 ஓம். இதைப் பார்த்துவிட்டு "ஷார்ட் ஆகிவிட்டது, முழு ஒயரையும் உருவ வேண்டும்" என்பார்கள். ஷார்ட் எதுவும் இல்லை, இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. இதே ஜோடியில் ஒன்று அறுந்திருந்தால் மீட்டர் 30 காட்டும், பார்க்கிறவர் "எல்லாம் சரி" என்று போய்விடுவார், புல்தரையின் ஒரு பாதி மட்டும் காயும். அதனால் நான்காவது ஜோனில் எத்தனை வால்வு என்று முதலில் எண்ணுங்கள். மண்ணில் பச்சை மூடி போட்ட பெட்டி எத்தனை, ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை வால்வு, எந்த நிற ஒயர் எதற்குப் போகிறது என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் மேலே சொன்ன எண்ணை அப்படியே நம்பலாம். இரண்டு என்றால், பெட்டியிலேயே ஒயரைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்தக் கணக்கெல்லாம் வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும். ஒயரை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, எது எங்கே போகிறது என்று ஒரு தாளில்கூட எழுதிக் கொடுக்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கேட்டால் பிளம்பர் இது எலக்ட்ரீஷியன் வேலை என்கிறார், எலக்ட்ரீஷியன் தோட்டக்காரரைக் காட்டுகிறார். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் வைஃபையை ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். அறுந்த ஒயரை எந்த ரீசெட் ஒட்டவைக்கும்? வீட்டுக்காரர் அலைந்து களைத்து, கடைசியில் 22,000-க்குத் தலையாட்டுகிறார். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

உங்கள் வீட்டில் மீட்டர் எண் காட்டவில்லை என்றே எதிர்பார்க்கிறேன். அப்படியானால் நான்காவது வால்வுப் பெட்டியைத் திறந்து, காயிலிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் பிரித்து நேராக அளந்து பாருங்கள். காயில் சரியாக இருந்தால், ஒன்று அந்த ஜாயின்ட்டில் பழுது, இல்லையென்றால் விளக்குக்குத் தோண்டிய இடத்தில் ஒயர் அறுந்திருக்கிறது. காயில் எண் காட்டாவிட்டால் காயில் மட்டும் தனியாகக் கிடைக்கும், தண்ணீரை மூடிவிட்டுக் கையாலேயே திருகி மாற்றலாம். அதே வால்வுக்கு உரிய காயிலாகப் பார்த்து வாங்குங்கள். முழு வால்வை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஒயர் அறுந்திருந்தாலும் உடனே தோண்டாதீர்கள். பல நிற ஒயர்கள் இழைகளாகச் சேர்ந்த ஒரே கேபிளில் உபயோகிக்காத இழை ஒன்று பெரும்பாலும் மிச்சம் இருக்கும். கன்ட்ரோலர் பக்கமும் வால்வு பக்கமும் அதே நிற இழையை எடுத்து, மீட்டரில் சரிபார்த்து, நான்குக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஜாயின்ட்டுக்கு டேப் வேண்டவே வேண்டாம். ஜெல் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் என்று கேட்டு வாங்குங்கள். டேப் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் உங்களை மறுபடி தோண்ட வைக்கும்.

அடாப்டர் பற்றியும் ஒரு வார்த்தை. யாராவது "அடாப்டர் வீக்" என்று சொல்லி, எல்இடி விளக்குக்கு விற்கும் 24 வோல்ட் டிசி அடாப்டரை மாட்டினால் விடாதீர்கள். இந்தக் காயில்கள் ஏசிக்குச் செய்தவை. டிசி கொடுத்தால் பல மடங்கு கரண்ட் இழுத்துச் சூடேறி எரிந்துவிடும், அப்புறம் போர்டும் நிஜமாகவே போய்விடும்.

இவ்வளவு சொன்னாலும், வால்வுப் பெட்டியில் கை வைக்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். காம்பவுண்டு விளக்குக்குப் போகும் ஒயர் 230 வோல்ட். விளக்கு போட்டவர், புதுக் குழாய் இறக்கச் சோம்பல்பட்டு, ஸ்ப்ரிங்க்ளர் ஒயர் போகும் குழாயிலேயே அதையும் இழுத்திருக்கலாம். 24 வோல்ட்டைத் தொட்டால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் ஈர மண்ணில் 230 வோல்ட் உயிரை எடுத்துவிடும். அதனால் விளக்குக்கான எம்சிபி ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் போவதைப் பார்த்தால் நீங்கள் எதையும் தொடாதீர்கள். விளக்கு போட்டவரையே கூப்பிட்டு, அவர் செலவிலேயே தனிக் குழாயில் மாற்றச் சொல்லுங்கள்.