விதைக் காய் 90 ரூபாய் விற்கும்போது சின்ன வெங்காயம் நடலாமா?

கேள்வி: துறையூர் பக்கம் 2 ஏக்கர் செம்மண் நிலம், கிணற்றுப் பாசனம். போன பட்டத்தில் சின்ன வெங்காயம் கிலோ 20 ரூபாய்க்குப் போனதால், இந்த முறை மக்காச்சோளம் போடலாம் என்றிருந்தேன். இப்போது புரட்டாசியில் 65 ரூபாய் விற்கிறது. விதைக் காய் (நடுவதற்கான வெங்காயம்) 90 ரூபாய் சொல்கிறார்கள். 2 ஏக்கரும் நட்டுவிடலாமா? அறுவடையின்போது விலை இறங்கிவிட்டால் பட்டறை (தரையிலிருந்து உயர்த்தி, கீற்று வேய்ந்த வெங்காயச் சேமிப்பு) போட்டு வைத்திருந்து விற்கலாமா?

பதில்: இன்றைய 65 ரூபாய் உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலை அல்ல. காய் நட்டால் 65 முதல் 75 நாளில் பறிப்பு. அப்படியானால் நீங்கள் சந்தைக்குப் போவது கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோதான். அன்றைக்கு எவ்வளவு வரத்து இருக்கும் என்பதை இந்த மூன்று வாரத்தில் எத்தனை பேர் நடுகிறார்கள் என்பதே முடிவுசெய்யும். அதனால் விலையை விட்டுவிட்டு, விலை ஏன் ஏறியது என்பதை முதலில் பாருங்கள்.

போன பட்டத்தில் நட்டம் வந்ததால் பலர் நடாமல் விட்டு, அதனால் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கலாம். அப்படியென்றால் பட்டறைகளில் விதைக் காய் இருக்கும், விலையைப் பார்த்து எல்லோரும் நடுவார்கள், 70 நாளில் எல்லாக் காயும் ஒன்றாக வந்து இறங்கும். பட்டறையில் இருந்த காயே அழுகிப்போனதால் விலை ஏறியிருந்தால் கதை வேறு. நட ஆசைப்படுகிறவர்களுக்கும் விதை கிடைக்காது, பரப்பு கூடாது, விலை ஓரளவு நிற்கும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். விதைக் காய் விற்பவர்கள் மூன்று நான்கு பேரிடம், ‘நாளைக்கே 5 டன் வேண்டும், கிடைக்குமா?’ என்று கேளுங்கள். எல்லோரும் உடனே ஏற்றி அனுப்புகிறேன் என்றால் 90 ரூபாய் என்பது போட்டியால் வந்த விலை. மார்கழியில் வரத்து குவியும் என்றே எண்ணுங்கள். ‘1 டன் தேறும், மீதிக்குப் பத்து நாள் பொறுங்கள்’ என்று இழுத்தால் காய் உண்மையிலேயே குறைவு. பேரம் பேசுவதைவிட இந்தப் பதிலைக் கவனித்துக் கேட்பது முக்கியம்.

கூடவே சந்தை வரத்தும் விலையும் வெளியாகும் அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் திண்டுக்கல் சந்தையின் வரத்தையும் விலையையும் கடந்த மூன்று ஆண்டுகளின் இதே வாரங்களுக்கு எடுத்து ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வரத்து பாதியாகி விலை ஏறியிருந்தால் அது பற்றாக்குறை. வரத்து குறையாமலே விலை ஏறியிருந்தால் வாங்குவோர் கூடியிருக்கிறார்கள், பெரும்பாலும் முகூர்த்தமோ ஏற்றுமதியோ காரணம். இரண்டாவது வகை ஏற்றம், அந்தக் காரணம் முடிந்த வாரமே இறங்கிவிடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையம் விதைப்புக்கு முன் வெளியிடும் விலை முன்னறிவிப்பு கிடைத்தால் அதையும் பாருங்கள். ஆனால் அந்த முன்னறிவிப்பைப் படித்தே ஆயிரம் பேர் நடும்போது அதுவும் மாறும்.

இனி உங்கள் கணக்கு. ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ விதைக் காய் வேண்டும். 90 ரூபாய்க்கு வாங்கினால் விதைக்கே 54,000 ரூபாய். உழவு, நடவு, களை, உரம், மருந்து, பறிப்பு, தாள் அறுப்பு எல்லாம் சேர்த்து 70,000 என்று வையுங்கள், உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் 1,24,000. 5 டன் எடுத்தால் கிலோவுக்கு 24.80 ரூபாய் அடக்கம். மழையில் அடிபட்டு 3 டன்தான் வந்தால் 41 ரூபாய்க்கு மேல் போய்விடும். இதே விதையை 40 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அடக்கம் முறையே 18.80, 31 ரூபாய் சொச்சம். விதைக் காய் விலை ஏறும்போது உங்கள் செலவும் ஏறுகிறது, அறுவடை நேரத்து வரத்தும் ஏறுகிறது. இரண்டு பக்கமும் அடி விழும் இடம் இது. கமிஷன், வண்டி வாடகை, சாக்கு, இறக்குக்கூலி போகக் கைக்கு வரும் விலையை வைத்தே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

3 டன் என்று சொன்னது பயமுறுத்த அல்ல. ஐப்பசி அடைமழையில் கோழிக்கால் நோயும் (தாள் திருகும் நோய்) அடித்தண்டு அழுகலும் வந்தால் நல்ல தோட்டமே அப்படி ஆகும். அதனால்தான் இந்தப் பட்டத்தில் நட்ட பரப்பை மட்டும் வைத்து வரத்தைச் சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது மழை காயைக் கெடுத்ததால்தான். அந்த விலை, தண்ணீர் நிற்காத மேட்டு நிலத்தில் காயைக் காப்பாற்றியவர்களுக்கே கிடைத்தது. உங்களுடையது செம்மண், அது சாதகம். வடிகால் வாய்க்கால் வெட்டாமல் நடவே வேண்டாம்.

தேவைப் பக்கம் சுருக்கமாக: மார்கழியில் கல்யாணம் இல்லை, பொங்கலை ஒட்டியும் தை முகூர்த்தத்திலும் கேட்பு கூடும். பெரிய வெங்காயத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு விலையாகிவிட்டால் ஓட்டல்காரர்கள் பெரிய வெங்காயத்துக்கு மாறிவிடுவார்கள், அதற்கு மேல் விலை ஏறச் சிரமப்படும். மலேசியா, சிங்கப்பூர் ஏற்றுமதியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பெரிய வெங்காயத்துக்காகக் கொண்டுவரும் தடை சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. 2023 டிசம்பர் 8-இல் வந்த தடை 2024 மே வரை நீடித்தது.

எங்கள் முடிவு இது. விதை தாராளமாகக் கிடைக்கிறது என்று தெரிந்தால் ஒரு ஏக்கர் மட்டும் நட்டு, மற்றதில் நீங்கள் முதலில் நினைத்த மக்காச்சோளத்தையே போடுங்கள். விதை தட்டுப்பாடு என்றால் 2 ஏக்கரும் நடலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. ஒரு ஏக்கர் இப்போது, இன்னொன்று மூன்று வாரம் கழித்து மழை விட்ட இடைவெளியில். இரண்டாவது பறிப்பு பொங்கலை ஒட்டி வரும், ஒரு வார விலைச் சரிவில் மொத்தமும் மாட்டாது. விதைக் காய் பறித்து இரண்டு மூன்று மாதம் ஆறியதாக இருக்க வேண்டும். புதுக் காயை நட்டால் முளைப்பு ஏறுக்குமாறாக வரும், பறிப்பும் ஒன்றாக வராது. கோ 5 ரகத்தின் விதையில் நாற்று விட்டால் விதைச் செலவு மிகக் குறையும், ஏக்கருக்கு 1 கிலோ போதும். ஆனால் நாற்றங்காலிலேயே 40 முதல் 45 நாள் ஆகும். இந்த மழையில் நாற்று அழுகும் அபாயமும் உண்டு. அதை அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை பற்றி. 100 கிலோ அடைத்து மூன்று மாதம் கழித்து 75 கிலோ எடுத்தால், இன்று 30 ரூபாய்க்கு விற்கக்கூடிய காயை அன்று 40 ரூபாய்க்கு விற்றால்தான் சரிக்குச் சரி. 65 கிலோதான் தேறினால் 46 ரூபாய் வேண்டும். பொறுக்குகூலியும் முடங்கும் பணத்துக்கு வட்டியும் தனி. ஆகவே மொத்தக் காயையும் அடைக்காதீர்கள். தை மாதம் அடைக்கும் காய்க்கு நல்ல வழி ஒன்று உண்டு: சித்திரை, வைகாசி நடவுக்கு அது விதையாகும். அடுத்த முறை 2 ஏக்கருக்கு 1,200 கிலோ வேண்டும், கால்பங்கு கழிவு போகும் என்று 1,600 கிலோ அடைத்தால் போதும். மீதியைப் பறித்த வாரமே விற்றுவிடுங்கள். பக்கத்துக்காரர்களும் பட்டறை போட்டிருப்பார்கள், நடவு முடிந்ததும் மிஞ்சிய விதைக் காய் எல்லாம் சமையலுக்கே வந்து விலையை இழுக்கும். விற்க வைத்திருப்பதை நடவு மும்முரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

அடைக்கும் காய்க்குப் பறிப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் யூரியா போட்ட காய் பட்டறையில் நிற்காது. மழையில் நனைந்து பறித்ததையும் அடைக்காதீர்கள். நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தி, கழுத்து ஒட்டிய காயை மட்டும் பொறுக்குங்கள். கல் அடுக்கித் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, 4 அடி அகலத்துக்கு மேல் போகாமல், காற்று குறுக்கே ஓடும்படி பட்டறை போட்டு மேலே கீற்று வேயுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை பக்கத்தில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். முதல் மாதத்திலேயே பத்தில் ஒன்று அழுகியிருந்தால் விலைக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே பிரித்து, நல்லதைப் பொறுக்கிச் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள்.