நாடா சுற்றுவதற்கு நான்கு வருடப் படிப்பா?

ஐயா,

மகள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அங்கே படிக்கும் உறவுக்காரப் பையனோ மரம் மரமாக நாடா சுற்றி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். "இதற்கா நான்கு வருடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் எளிதாக நினைக்கும் அந்த நாடாவில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

வரப்பில் தேக்கு நிற்பதாக எழுதியிருந்தீர்கள்; அதிலிருந்தே சொல்கிறேன். மரம் வாங்க வரும் வியாபாரி சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி இத்தனை கன அடி என்பார். அந்தக் கணக்கில் உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் 21 சதவீதத்துக்கு மேல் விடுபட்டுப்போகிறது. அறுக்கும்போது வரும் சேதாரத்துக்கு என்று காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் எவ்வளவு விடுபடுகிறது என்று தெரிந்து விலை பேசுகிறவரும், தெரியாமல் தலையாட்டுகிறவரும் ஒரே விலைக்கு விற்பதில்லை.

நிற்கும் மரத்தை அளப்பதற்கு ஒழுங்கு உண்டு. இந்தியாவில் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் அளக்க வேண்டும். அதை மார்பளவு உயரம் என்பார்கள். அடிமரத்தின் வேர்ப்புடைப்பு அங்கே பெரும்பாலும் முடிந்திருக்கும், குனியாமல் அளக்கலாம், யார் அளந்தாலும் ஒரே இடம். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பார்க்க வேண்டும். மார்பளவுக்குக் கீழேயே கவைத்திருந்தால் இரண்டு மரமாகக் கணக்கு; மேலே கவைத்திருந்தால் ஒன்றுதான். இலவு போலப் பலகை வேர் ஏறிய மரத்தை அந்த வேர் முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். நாடா சற்றே சாய்ந்தாலும், அடியில் கொடி சிக்கினாலும் அளவு கூடிவிடும். 30 செ.மீ. விட்டத்தை 32 என்று எழுதிவிட்டால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். ஒரு மரத்தில் இது போகட்டும். மாதிரித் திடலில், அதாவது காட்டில் மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சிறு நிலத்துண்டில், அளந்த சில மரங்களை வைத்து ஒரு வனக் கோட்டத்தின் மர இருப்பையே கணக்கிடும்போது விட முடியுமா?

1856-இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், தேக்கு மரங்களைப் பருமன்வாரியாகப் பிரித்து, மூங்கில் துண்டுகளில் வெட்டுக்குறி போட்டுத்தான் எண்ணினார். 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனவர் அவரே. ஆகவே மகள் செய்யப்போவது எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள்.

இனி வேலை. இந்தக் கணக்குக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் பலர். டேராடூனில் 1981 முதல் இயங்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் நாட்டின் மர இருப்பை மதிப்பிடுகிறது. செயற்கைக்கோள் காட்டின் பரப்பைச் சொல்லும். அடிமரத்தின் பருமனுக்கு இன்னும் ஆள் போய்த்தான் ஆக வேண்டும். காகித ஆலைகள் உழவர் நிலங்களில் வளர்க்கும் சவுக்கு, தைலமரத் தோப்புகளுக்கும், மரங்களில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் கரிமக் கணக்கெடுப்புப் பணிகளுக்கும் இந்தப் படிப்பு படித்தவர்கள் தேவை. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் வனவியல் பட்டதாரிகள் எழுதலாம்.

அரசுப் பணியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வனத்தொழில் பழகுநர், உதவி வனப்பாதுகாவலர் தேர்வுகளுக்கு இடங்கள் குறைவு. ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று நம்பி உட்கார முடியாது. இந்திய வனப்பணி இன்னும் கடினம். அதன் உடற்தகுதித் தேர்வில் பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஆண்கள் 25. "பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா" என்று தங்கள் மனைவி அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பணியில் பெண்கள் 1980-இலேயே சேர்ந்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அட்டைக்கடியும் வெயிலும் இருக்கத்தான் செய்யும். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

மதிப்பெண்ணைவிட மகளின் பொறுமையைத்தான் முதலில் பார்ப்பேன். தையல்காரர் நாடா ஒன்றைக் கொடுத்து வரப்பு மரங்களை அளக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பழைய பட்டியலைப் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கவலை வேண்டாம், முதல் முறை யாருக்கும் அப்படித்தான். எந்த மரத்தில், ஏன் மாறியது என்று தேடுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். சலித்துப்போய் நாடாவைத் தூக்கிப் போட்டால், யானையும் புலியும் பார்க்கும் ஆசையில்தான் இந்தப் படிப்பைக் கேட்கிறாள் என்று பொருள். அப்போது இருவரும் நேரில் வாருங்கள், வேறு பேசலாம்.

மேட்டுப்பாளையத்தில் இடம் கிடைக்காவிட்டால் அந்த வருடத்தை வீணாக்க வேண்டாம். தாவரவியலோ கணிதமோ பட்டப்படிப்பாக எடுக்கட்டும். அதை முடித்தபின் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் முதுகலை வனவியலுக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய வனப்பணித் தேர்வையும் எழுதலாம்.