கண்ணாடி இழைக்குத் திசை உண்டு

வணக்கம் ஐயா,

கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளியைக் கொண்டு அதிர்வை அறியும் ஒளியிழைக் கீற்றணி உணரிகளைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நாமக்கல் பக்கம் எரிவாயு டேங்கர் செய்யும் பட்டறையொன்றில் வெல்டிங் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மீயொலியை (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை) அனுப்பி வெல்டிங்கில் உள்ள குறையைக் காட்டும் எங்கள் பீசோ புரோபைப் பிடிக்கும்போது அருகில் வெல்டிங் ஓடினால் திரை முழுக்க இரைச்சலாகிவிடுகிறது. பொறியியல் படிக்கும் என் மகன் எஃகுத் தகட்டில் கீற்றணி இழையை ஒட்டி, 200 கிலோஹெர்ட்ஸ் மீயொலியைச் செலுத்திப் பார்த்தான். ஒரு பக்கத்திலிருந்து அனுப்பியபோது தெளிவாகப் பதிந்ததாம். வேறொரு பக்கத்திலிருந்து அனுப்பியபோது ஏறக்குறைய ஒன்றுமே இல்லையாம். இழை பழுதா? புரோபுக்கு மாற்றாக இதை வாங்கலாமா?

வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

இழையில் பழுதில்லை, குறை என் கட்டுரையில்தான் இருக்கிறது. திசையைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டேன்.

125 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழையின் உள்ளகத்தில், ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டருக்கு ஒன்றாக ஒளிவிலகல் எண் ஏறி இறங்கும்படி புற ஊதா ஒளியால் பதித்த வரிகளே கீற்றணி. அவ்வரிகளின் இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும், பெரும்பாலும் 1550 நானோமீட்டரை ஒட்டிய ஒன்று, வந்த வழியே திரும்பும். இழை நீண்டாலோ சுருங்கினாலோ அந்த அலைநீளமும் நகரும். மீயொலி இழையின் நீளவாக்கில் வந்தால் வரிகளை விலக்கி நெருக்கும். குறுக்கே வந்தால் இழையின் நீளம் அநேகமாக மாறுவதில்லை. உங்கள் மகன் கண்டது அதைத்தான். ஒலி எங்கிருந்து வரும் என்று தெரியாத இடங்களில் மூன்று கீற்றணிகளை வெவ்வேறு கோணங்களில் ஒட்டுவது இதற்காகவே.

அடுத்தது கீற்றணியின் நீளம். பவானி கூடுதுறையில் பரிசல் ஒவ்வோர் அலைக்கும் ஏறி இறங்கும். பல அலைகளின்மேல் படுத்துக் கிடக்கும் நீண்ட தென்னந்தடி அசைவதே தெரியாது. எஃகில் நெட்டலை (செல்லும் திசையிலேயே அதிரும் அலை) நொடிக்கு ஏறத்தாழ 5900 மீட்டர் செல்வதால், 200 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 3 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். 5 மில்லிமீட்டர்க் கீற்றணி அங்கே பரிசல். ஒலியைச் சாய்வாக அனுப்பும் உங்கள் கோணப் புரோபின் குறுக்கலையோ (செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலையோ) நொடிக்கு 3200 மீட்டர்தான் செல்லும். 4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.8 மில்லிமீட்டர். அதே கீற்றணிக்குள் ஆறு அலைகள் அடங்கி, நீட்சியும் சுருக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

படிப்பதிலும் சிக்கல் உண்டு. ஒரு மீட்டர்க் கம்பி ஒரு மைக்ரோமீட்டர் நீள்வதற்கு இணையான திரிபுக்கே (நீள மாற்ற விகிதத்துக்கே) திரும்பும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர்தான் நகர்கிறது. மீயொலி தரும் திரிபு பெரும்பாலும் அதனினும் மிகச் சிறியது. அத்தனை வேகத்துக்குச் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் சாதாரண நிறமாலைமானி ஈடுகொடுக்காது என்பதால், ஏறத்தாழ ஒரே அலைநீள ஒளியைத் தரும் குறுகிய வரி லேசரைக் கீற்றணியின் எதிரொளிப்பு வளைவின் சரிவில் நிறுத்தி, அலைநீள நகர்வை ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கமாக மாற்றிப் படிக்கிறார்கள். ஆனால் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் இழையில் மட்டுமே 10 பிக்கோமீட்டர் அளவுக்கு நகர்வு ஏற்படுகிறது, எஃகில் ஒட்டியிருந்தால் எஃகின் விரிவும் சேர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் லேசரை அந்தச் சரிவிலேயே பிடித்து வைக்க, அதைத் தொடர்ந்து திருத்தும் தனி ஏற்பாடு வேண்டும்.

ஆகவே புரோபுக்கு மாற்றாக வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கீற்றணி கேட்கும், தானாக ஒலியை அனுப்பாது, அனுப்புவதற்குப் பீசோவோ வேறொன்றோ எப்படியும் தேவைப்படும். இழைக்குள் ஓடுவது ஒளி என்பதால் வெல்டிங்கின் மின்காந்த இரைச்சல் அதைத் தீண்டாது என்பது மெய்தான். அதே வெல்டிங் தகட்டில் எழுப்பும் ஒலியை அதுவும் கேட்கவே செய்யும். உங்கள் இரைச்சலுக்கு முதலில் புரோப் கேபிளின் கவசத்தையும் எர்த்தையும் பாருங்கள். ஒருமுறை ஒட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டிய, கை எட்டாத இடங்களே கீற்றணிக்கு உரியவை. வெவ்வேறு அலைநீளங்களில் பலவற்றை ஒரே இழையில் கோத்துவிடலாம் என்பது அங்கேதான் பயன்படும்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். மூலத்துக்கும் இழைக்கும் உள்ள தொலைவு மாறாமல், 15 டிகிரிக்கு ஒருமுறை மூலத்தை நகர்த்தி, பதியும் வீச்சைக் குறித்து வரட்டும். அந்த வரைபடத்தை அனுப்பினால், என் கட்டுரையில் விடுபட்ட பகுதியாக அதையே சேர்த்துவிடுகிறேன்.